மஞ்சள் வைக்காத சேலைகள்

1

இந்தக் கதை எங்கள் வீட்டு பீரோவின் வாயிலிருந்து வந்தது. போன ஆடி மாதம் ஒரு மத்தியானம் அது வாயைத் திறந்து, வயிற்றில் இருந்ததையெல்லாம் என் மேல் கக்கியது. அரை மணி நேரம் சேலைகளுக்கு அடியில் கிடந்தேன். தீயணைப்பு வண்டியில் வந்தவர்கள்தான் என்னைத் தோண்டி எடுத்தார்கள்.

(வண்டி வரவில்லை. என் மனைவி கனகா இதைப் படித்துவிட்டு ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறாள்: "நாலு சேலை கால்ல விழுந்துச்சு. அவ்வளவுதான்.")

நான் வேளாண்மைத் துறையில் இருந்தவன். வயலில் ஒரு துண்டை அளந்து, அறுத்து, அடித்து, நெல்லை எடை போட்டு மகசூல் எழுதுவது என் வேலை. ஒரு கிலோ கூட்டினால் மேலதிகாரி கேட்பார், ஒரு கிலோ குறைத்தால் விவசாயி கேட்பார். ஆயுள் முழுக்க உள்ளதை உள்ளபடி எழுதிக் கை மரத்துப்போன மனிதன், ஓய்வு பெற்ற மறுநாளே தராசைத் தூக்கிப் பரணில் போட்டான். ஆகவே வாசகர்கள், ஈர நெல்லின் எடையில் கழிப்பதுபோல, ஈரப்பதத்தைக் கழித்துக்கொண்டு படிக்கவும்.

2

முதலில் எழுதிய தொடக்கம்:

"இடுப்பு வரைக்கும் முடி புரள, பிரகதீஸ்வரி துணிக்கடைக்குள் நுழைந்தால், சூறாவளி மாதிரி…"

இந்த வரியிலேயே நின்றுவிட்டது. காபி கொண்டுவந்த கனகா எட்டிப் பார்த்தாள்.

"யாருங்க பிரகதீஸ்வரி?"

கற்பனைப் பெண் என்றேன்.

"கற்பனைன்னா எதுக்கு இடுப்பு வரைக்கும் முடி?"

அந்த வரியை அடித்துவிட்டேன். இனி கதாநாயகியின் பெயர் கனகா. முடி உள்ளபடி.

இரண்டாவது தொடக்கம்: "ஒரத்தநாட்டில் ஒரு பெண் இருந்தாள். அவள் வாங்கிய சேலைகளை முனையோடு முனை முடிந்தால் கல்லணையிலிருந்து பூம்புகார் வரைக்கும்…"

(பென்சில்: "வேண்டாம்.")

சரி. கூரியர்காரர் தினம் வந்தார். எங்கள் தெரு நாய் அவரைப் பார்த்து வாலாட்டும், என்னைப் பார்த்துக் குரைக்கும். இதில் ஈரப்பதம் கிடையாது. மத்தியானம் சாப்பாடு ஆனதும் கனகா போனை எடுத்து விரலால் தள்ளிக்கொண்டே இருப்பாள். முகத்தில் ஒரு சிரிப்பு வரும். பார்சல் வந்து பிரித்ததும் அந்தச் சிரிப்பு போய்விடும். இது போதாதென்று தஞ்சாவூர்க் கடை, கும்பகோணம் கடை, ஆடித் தள்ளுபடி, தள்ளுபடி முடிந்ததற்கான தள்ளுபடி.

3

இந்த இடத்தில் எனக்குக் கதாநாயகி மேல் சந்தேகம் வந்தது. எழுதுகிறவனுக்குப் பாத்திரம் பிடிபடவில்லை என்றால் பேனா தடுக்கும்.

இவ்வளவு வாங்குகிறவள் உடுத்தவே இல்லை. வீட்டில் பழைய சேலைகளையே மாற்றி மாற்றிக் கட்டிக்கொண்டாள். வாங்கியது எதிலும் மஞ்சள் இல்லை. எங்கள் பக்கத்தில் புதுத்துணியின் ஓரத்தில் ஒரு பொட்டு மஞ்சள் வைத்துத்தான் கட்டுவோம். மஞ்சள் வைத்த பிறகுதான் அது நம்முடையது. அதுவரை கடைக்காரருடையது, காசு மட்டும் நம்முடையது.

இன்னொன்று. எல்லாம் இரட்டை. ஒரு பச்சை வந்தால் அதே கரையோடு இன்னொரு பச்சை. கிளிஞ்சல் நிறத்தில் ஒன்று வந்தால் அதற்கு ஒரு ஜோடி.

இரண்டாவது யாருக்கென்று எனக்குத் தெரியும்.*

* மன்னார்குடியில் இருக்கும் மீனாவுக்கு. கனகாவின் ஒரே தங்கை. அவர்கள் அப்பா ஒரே மாதிரி இரண்டாகத்தான் துணி எடுப்பார். அம்மா ஒரே கிண்ணத்தில் மஞ்சளைக் குழைத்து, இரண்டின் ஓரத்திலும் ஒரே விரலால் வைப்பார். கல்யாணமான பிறகும் அக்காவும் தங்கையும் அந்த வழக்கத்தை விடவில்லை. பிறகு மீனாவின் மகன் சபரிநாதனுக்குக் கல்யாணம் வந்தது. மீனா ஊரெல்லாம் போய் வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள். அக்காவுக்கு மட்டும் பத்திரிகை வாட்ஸப்பில் வந்தது. கனகா அதற்குள் ஜோடியாக அரக்குப் பட்டு வாங்கி வைத்திருந்தாள். நாங்கள் போகவில்லை. "எங்க அக்கா இந்த வீட்டுக்காரி, அவளை நான் அழைக்கணுமா? முன்னாடியே வந்து நின்னு பந்தி பார்க்க வேண்டாமா?" என்று மீனா யாரிடமோ சொன்னாளாம். "கூப்பிடாத வீட்டுக்குப் போய் நிக்க நான் என்ன வேலைக்காரியா?" என்று இவள் யாரிடமோ சொன்னாள். சபரிநாதனின் மகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறாள்.

அடிக்குறிப்பு கதையை விடப் பெரிதாகிவிட்டது. இருக்கட்டும். வாய்க்காலை விட மடை பெரிதாக இருக்கும் வயல்களையும் நான் அளந்திருக்கிறேன்.

4

இனி அவள் எப்படி நிறுத்தினாள் என்று எழுத வேண்டும். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

அ) கணவரின் அறிவுரையால் திருந்தினாள். (பென்சில், அழுத்தமாக: "எப்போ?")

ஆ) ஒரு நாள் தாராசுரம் ஐராவதேசுவரர் கோவில் படிக்கட்டில் அமர்ந்திருந்தபோது ஞானம்… இல்லை. தாராசுரம் போனால் நேரே நெசவுக்காரர் வீட்டுக்குத்தான் போவாள்.

இ) கணவர் போனைக் கிணற்றில் போட்டார். நல்ல காட்சிதான். எங்கள் வீட்டில் கிணறு இல்லை.

கடைசியில் பேனாவை மேசையில் வைத்துவிட்டு அவளிடமே கேட்டேன். நான் எதை எழுதினாலும் பென்சிலோடு வருகிறவள், அன்றைக்குப் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்.

"மன்னார்குடிக்கு ஆடித் தள்ளுபடிக்குப் போனேன்ல. ரெண்டு பை நிறைய வாங்கிட்டு பஸ் ஸ்டாண்டுல நிக்கிறேன். திருவாரூர் பஸ்சுல மீனா ஏறுறா. என்னைப் பார்க்கலை. நான் தூணுக்குப் பின்னாடி போயிட்டேன். அவ கட்டியிருந்தது அந்தக் கத்திரிப்பூக் கலர் நூல் சேலைங்க. பச்சைக் கரை. நாங்க கடைசியா ஜோடியா மஞ்சள் வச்சுக் கட்டினது. சாயமெல்லாம் போயிடுச்சு. முந்தானைல கிழிசலுக்கு இழை ஓட்டியிருந்தா."

பென்சிலை எடுத்து மறுபடி கீழே வைத்தாள். பிறகு, "அவ ஒண்ணை வச்சுக்கிட்டு இத்தனை வருஷம் இருந்திருக்கா. நான் ஒரு பீரோவை வச்சுக்கிட்டும் இருக்க முடியலை" என்றாள்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அடித்தட்டில் கிடந்த தன் கத்திரிப்பூச் சேலையை உருவினாள். பக்கத்தில் நின்ற என் மேல் பீரோ கக்கியது அப்போதுதான். ஆக, முதல் பகுதியில் நான் சேலைகளுக்கு அடியில் கிடந்ததற்குக் காரணம் பீரோ இல்லை, மீனா.

5

அதற்குப் பிறகு நடந்தது சுவாரஸ்யமில்லாதது. ஆகவே சுருக்கமாக, கூட்டாமல்.

தினம் ஒன்றை எடுத்துக் கட்டிப் பார்த்தாள். மாலை வரைக்கும் உடம்பு அதை மறந்து வேலை செய்தால் மஞ்சள் வைத்தாள். அவிழ்க்கலாம் என்று தோன்றினால் கொடுத்துவிட்டாள். தெருவில் மலர்கொடி, அவள் நாத்தனார், கல்யாணத்துக்கு நிற்கிற பெண்கள் எல்லாரும் வந்து எடுத்துப் போனார்கள். ஜோடிகளும் போயின. மத்தியானம் விரல் துறுதுறுக்கும். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, பிரிந்த கரையைத் தைப்பாள், கஞ்சி போடுவாள், நீவி மடிப்பாள். நடுவில் ஒரு தடவை வழுக்கி, ரோஜா நிறத்தில் ஒன்று வந்தது. வந்த வழியே திருப்பி அனுப்பினாள். கூரியர்காரர் வருவது நின்றதில் நாய்க்குத்தான் பெரிய ஏமாற்றம்.

இப்போது அவளுடைய சேலைகள் ஒரு தட்டில் அடங்கிவிட்டன. கை வைத்தால் எது எதென்று இருட்டிலும் தெரியுமாம். அந்தக் கத்திரிப்பூவை வாரம் ஒருமுறை கட்டுகிறாள். கட்டும் நாளில் அவள் நடையில் ஒரு சின்ன அவசரம் வந்துவிடுகிறது, யாரோ வாசலில் "அக்கா, கிளம்பலையா" என்று நிற்பதுபோல.

கீழ்த்தட்டில் அரக்குப் பட்டு இரண்டு. அவற்றில் மட்டும் மஞ்சள் இல்லை. கொடுக்கவும் இல்லை. "ஒண்ணு என்னோடது இல்லை. அதுக்கு வைக்காம இதுக்கு வைக்க முடியாது" என்கிறாள்.

6

நாளை மன்னார்குடி போகிறோம். சொல்லாமல்தான் போகிறோம். கூப்பிடாத வீட்டுக்கு.

ஆகவே முடிவை எழுத உட்கார்ந்தேன். எனக்கு இதெல்லாம் அல்வா மாதிரி. மீனா ஓடி வந்து கட்டிக்கொள்கிறாள், ஹரித்ராநதி தெப்பக்குளம் கண்ணீரில் ஒரு படி ஏறுகிறது. அல்லது கதவு பாதி திறக்கிறது, "அத்தான் நல்லா இருக்கீங்களா" என்று என்னை மட்டும் கேட்கிறாள், அக்காவைப்

கனகா தாளின் மேல் கையை வைத்துவிட்டாள்.

"அவ என்ன செய்வான்னு எழுதிடாதீங்க."

ஏன் என்றேன்.

"நல்லபடியா எழுதினா நான் அதையே எதிர்பார்த்துக்கிட்டுப் போவேன். மோசமா எழுதினா போகவே மாட்டேன்."

நான் பேனாவை மூடினேன்.

7

இந்தப் பகுதியைக் கனகா படிக்கவில்லை. காலை. அவள் கொல்லைக் கதவைப் பூட்டப் போயிருக்கிறாள். கத்திரிப்பூச் சேலை கட்டியிருக்கிறாள்.

பையைத் தூக்கிப் பார்த்தேன். ஒரு மூட்டை நெல் கனம். (சரி, இரண்டு பட்டுச் சேலையின் கனம்.) பட்டு மடிப்புகளுக்கு நடுவில், பழைய காலண்டர் தாளில் நான்காக மடித்த ஒரு பொட்டலம். பிரிக்காமலே தெரிந்தது, தாளின் மூலையில் மஞ்சள் கசிந்திருந்தது.

எதையும் எதிர்பார்க்காமல் போகிறவளாம். இருந்தபடியே மறுபடி வைத்தேன். பார்த்ததாகச் சொல்லமாட்டேன்.

மீனா வீட்டுக் கதவு திறப்பதிலிருந்து நீங்கள் எழுதிக்கொள்ளுங்கள். எப்படி வேண்டுமானாலும் எழுதுங்கள், கூட்டியும் எழுதலாம், ஆனால் பென்சிலால் எழுதுங்கள். சாவிச் சத்தம் கேட்கிறது. நான்