மூக்கு நுனி

ஆய்வகத்தில் அவருக்குப் பெயர் பிளேடு அண்ணன். எலி மூக்கின் தோலை வெங்காயச் சருகைவிட மெலிதாகச் சீவி ஸ்லைடில் ஒட்டுவது அவர் வேலை. ஓயாமல் பேசி பக்கத்தில் இருப்பவர்களையும் அறுப்பார் என்பதால் அந்தப் பெயர் நன்றாகவே ஒட்டிக்கொண்டது. அந்த ஸ்லைடுகளில் சாயமேற்றி, தோலின் மேற்பரப்பு வரை ஏறிவரும் நரம்பு நுனிகளை மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது ஆய்வு மாணவியின் வேலை. அவளை அவர் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவார்.

இந்த முறை வந்த ஸ்லைடுகளில் நரம்பு நுனிகளே இல்லை. அடியிலிருந்து நூல் நூலாக ஏறியவை மேலே வருவதற்குள் காணாமல் போயிருந்தன. டீ வேளையில், எல்லோர் முன்னாலும் வெடித்தாள்.

"என்ன அண்ணே வெட்டியிருக்கீங்க? மேல்தோலையே சிதைச்சு வச்சிருக்கீங்க. கண்ணு தெரியலேன்னா வீட்ல உக்கார வேண்டியதுதானே?"

அவர் வாயே திறக்கவில்லை. அதுதான் எல்லோரையும் திரும்பிப் பார்க்க வைத்தது. தலைமை ஆய்வாளர் அம்மா கோப்பையைக் கீழே வைத்தார். "இவரை ஸ்டோருக்கு மாத்திடலாம். நாளைக்கு ஆபீஸ்ல சொல்லிடறேன்."

மறுநாள் காலையில் அவள் மேசையில் புதிய ஸ்லைடுகள் காத்திருந்தன. மிச்சமிருந்த தோலை அவரே மறுபடி வெட்டி வைத்திருந்தார். சுத்தமான வெட்டு, ஒரு கீறல் இல்லை. நுனிகள் மட்டும் இப்போதும் இல்லை.

வேறு எலி பார்க்கலாம் என்று கூண்டறைக்குப் போனாள். ஒரு எலி பின்னங்காலில் நின்று, கம்பி வலைக்குள் மூக்கைத் திணித்து, வெளியே தொங்கிய தீனியைக் கடிக்கப் போராடிக்கொண்டிருந்தது. தூக்கிப் பார்த்தாள். மூக்கு நுனி தேய்ந்து, வெடித்து, காய்ப்பு ஏறியிருந்தது. பக்கத்துக் கூண்டிலும் அதே கதி.

தீனிக் கிண்ணம் கவிழ்ந்து கவிழ்ந்து, கூட்டி அள்ள அலுத்துப்போய், தீனியை வலைக்கு வெளியே மாட்டியது அவளேதான். மூக்கை நாள் முழுக்க மைக்ராஸ்கோப்பில் பார்த்தவள், எலியின் முகத்தை ஒருநாளும் பார்த்ததில்லை.

"கடவுளே" என்றாள்.

கிண்ணங்களைத் திரும்ப உள்ளே வைத்தாள். சத்தமில்லாமல் இதோடு விட்டுவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது? அப்போது அந்த எலி தீனியை விட்டுவிட்டு, புண்பட்ட மூக்கால் அவள் விரலை மோந்து பார்த்தது. அவளால் அங்கே நிற்க முடியவில்லை.

டீ வேளைக்கு எல்லோரும் கூடியிருந்தார்கள்.

"மேடம், அண்ணன் வெட்டினதுல தப்பே இல்ல. நான் தீனியை வலைக்கு வெளியே மாட்டினதால, கம்பியில உரசி உரசி எலிங்க மூக்கே கெட்டுப்போச்சு. அங்க நரம்பு நுனியே மிச்சமில்ல." அண்ணன் பக்கம் திரும்பினாள். "நேத்து எல்லார் முன்னாடியும் பேசினேன். அதான் இதையும் எல்லார் முன்னாடியும் சொல்றேன். மன்னிச்சிடுங்க அண்ணே."

"அப்போ இதுவரைக்கும் செஞ்சதெல்லாம் வீணா?" என்றார் தலைமை ஆய்வாளர்.

"ஆமா மேடம். முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்."

தலைமை ஆய்வாளர் நீண்ட மூச்சு விட்டார். "சரி. அவர் இங்கயே இருக்கட்டும்."

"நல்லதாப் போச்சு. ஸ்டோர்ல அட்டைப்பெட்டியத்தான் அறுத்துக்கிட்டிருந்திருப்பேன்" என்றார் அண்ணன். எல்லோரும் சிரித்தார்கள். அவளால் தலைநிமிர முடியவில்லை. மன்னித்துவிட்டார் என்பது புரிந்தபோது வெட்கம் கூடியதே தவிரக் குறையவில்லை.

புண்ணுக்குத் தடவும் மருந்தை எடுத்துக்கொண்டு கூண்டறைக்குப் போனாள். விரல் பட்டதும் எலி துள்ளி விலகியது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது.

"நான் புடிச்சுக்கறேன், நீ தடவு தங்கச்சி. மெதுவா. எங்க வீட்டுப் பூனைக்கு ஒருதடவை என்ன ஆச்சு தெரியுமா..."

கடைசி எலிக்கு மருந்து தடவி முடிக்கும்வரை அவர் பேச்சை நிறுத்தவில்லை.