பழகும் திறனுக்கு மார்க்

எங்கள் கம்பெனியில் ஆள் எடுக்கிற நாளெல்லாம் நானும் வேலை தேடி வந்தவனாக உட்கார்ந்திருப்பேன். அதுதான் என் வேலை. கசங்கிய சட்டை, கையில் ஒரு ஃபைல், முகத்தில் கொஞ்சம் பயம். காத்திருக்கும் அறையில் யார் எப்படிப் பழகுகிறார்கள் என்று பார்த்து, சாயங்காலம் மேனேஜரிடம் மார்க் சொல்ல வேண்டும்.

ஃப்ரிட்ஜும் வாஷிங் மெஷினும் விற்கிற கம்பெனி. நாங்கள் எடுப்பவர்கள் போனில் உட்கார்ந்து வாடிக்கையாளர்களின் வசவைக் கேட்கப் போகிறவர்கள். பேச்சு, கம்ப்யூட்டர் எல்லாம் உள்ளே சோதித்துவிடலாம். அடுத்த மனிதன் மேல் அக்கறை இருக்கிறதா என்பதை எப்படிச் சோதிப்பது? 'உங்க பலவீனம் என்ன?' என்று கேட்டால், சொல்லிவைத்தாற்போல எல்லாரும், 'ரொம்ப உழைப்பேன் சார், அதுதான்' என்கிறார்கள். அதனால்தான் மேனேஜர் என்னை வெளியே உட்கார வைத்தார். நான் ஃபைலைக் கீழே போடுவேன். பேனா எழுதவில்லை என்பேன். குனிந்து எடுத்துக் கொடுப்பவர்கள் கொஞ்சம் பேர். மற்றவர்கள் காலை நகர்த்திக்கொள்வார்கள்.

ஒரு நிபந்தனை உண்டு. குட்டு உடைந்துவிடக் கூடாது என்பதால் கம்பெனி ஆட்கள் யாரும் என்னோடு பேசக் கூடாது. வாசலில் பார்த்தாலும் தெரிந்த மாதிரி காட்டிக்கொள்ளக் கூடாது. வேலையில் சேருகிற அன்றே இதைச் சொல்லிவிடுவார்கள். ஆக, நல்ல மனசு என்று நான் பொறுக்கி எடுத்த அத்தனை பேரும் மறுநாள் முதல் என்னைக் கண்டால் சுவரைப் பார்ப்பார்கள். மதியச் சாப்பாடு எனக்குப் பின்பக்கப் படிக்கட்டில். அக்கா போன் பண்ணி, "ஆபீஸ்ல யாரோட சாப்பிடற?" என்று கேட்டால், "நாலஞ்சு பேர் சேர்ந்துதான்க்கா" என்பேன். வீட்டிலும் நான் ஒருவன்தான். ஞாயிற்றுக்கிழமை முழுக்க வாய் திறக்காமல் இருந்துவிட்டு, திங்கட்கிழமை பஸ்ஸில் டிக்கெட் கேட்கும்போது குரல் கரகரக்கும்.

முன்பு வந்து தோற்றவர்கள் மறுபடி வருகிற நாளில் நான் உட்காரக் கூடாது. போன மாதம் ஒரு நாள் அதைப் பார்க்க மறந்துவிட்டார்கள்.

"சார்! நீங்களா? இன்னுமா கெடைக்கல உங்களுக்கு?"

நிமிர்ந்து பார்த்தேன். போன தடவை என் காகிதங்களைப் பொறுக்கிக் கொடுத்த பெண். செருப்புக் கடையில் சூப்பர்வைசராக இருந்தவள், கடையை மூடிவிட்டார்கள். அன்று டைப்பிங்கில் தோற்றுப் போனாள். எழுந்து போய்விடலாமா என்று நினைத்தேன். அதற்குள் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

"டைப்பிங் கத்துக்கிட்டேன் சார். இதுவும் கெடைக்கலன்னா தம்பி வீட்லயேதான் கெடக்கணும். தம்பி தங்கமானவன்தான். ஆனா தண்ணி குடிச்சாக்கூட டம்ளர் சத்தம் வராமதான் வெக்கறேன்."

"கெடைச்சுடும்" என்றேன்.

"என்னை விடுங்க. நீங்க உள்ள போனதும் தரையைப் பாக்கறீங்கன்னு நெனைக்கிறேன். பாக்காதீங்க. எங்க கடைக்கு நான் ஆள் எடுத்திருக்கேன், எனக்குத் தெரியும். உங்களப் பத்திச் சொல்லுங்கன்னா பொறந்த கதையெல்லாம் வேணாம். உங்களுக்கு எது நல்லா வரும்?"

என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. பொய் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். ஆனாலும் உண்மை வந்துவிட்டது.

"மனுஷங்கள நல்லா கவனிப்பேன்."

"அட, இதைப் போயா ஒளிச்சு வெச்சிருக்கீங்க? இதைத்தான் சார் மொதல்ல சொல்லணும்! எங்க, என்னை மேனேஜரா நெனச்சுக்கிட்டுச் சொல்லுங்க பாப்போம்."

சொன்னேன். திருத்தினாள். மறுபடி சொல்லச் சொன்னாள். எனக்குச் சிரிப்பு வந்தது, அவளும் சிரித்தாள். அவள் பெயரைக் கூப்பிட்டதும் எழுந்தவள் என் பக்கம் குனிந்து, "போயிட்டு வரேண்ணா. தைரியமா இருங்க" என்றாள். எப்போது அண்ணா ஆனேன் என்று தெரியவில்லை. அந்த அறையில் இத்தனை வருஷம் உட்கார்ந்ததில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

சாயங்காலம் மேனேஜர் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"ஏதாவது கேக்கணுமான்னு கேட்டா, அந்தம்மா உனக்கு சிபாரிசு பண்ணுதுய்யா! 'வெளிய ஒரு அண்ணன் இருக்காரு, பேச வராது, ஆனா நல்ல மனுஷன், ஒரு தடவை பாருங்க'ன்னு. டைப்பிங் சுமார்தான். இன்னொருத்தன் அவளவிட வேகம். உன் மார்க்கை வெச்சுத்தான் முடிவு பண்ணணும். சொல்லு."

குறைத்துச் சொன்னால் அவள் விடமாட்டாள், அடுத்த முறையும் வருவாள். அன்று நான் உட்காரக் கூடாது என்பதை நானாக யாருக்கும் ஞாபகப்படுத்த மாட்டேன். என் பக்கத்தில் உட்கார்ந்து, அண்ணா என்று கூப்பிட்டு, எனக்கு இண்டர்வியூ சொல்லிக்கொடுப்பாள். கூட்டிச் சொன்னால் அவளும் சுவரைப் பார்க்கிறவர்களில் ஒருத்தி ஆகிவிடுவாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அவள் தோற்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. சத்தம் வராமல் டம்ளரை வைக்கிற அந்தக் கையை நினைத்துக்கொண்டேன்.

"முழு மார்க்" என்றேன்.

"நீ யாருக்கும் முழுசா போட்டதில்லையேய்யா!"

"இவங்களுக்குப் போடுங்க."

அடுத்த வாரம் காத்திருக்கும் அறையில் உட்கார்ந்திருந்தேன். கழுத்தில் புது அடையாள அட்டையோடு அவள் உள்ளிருந்து வந்தாள். கையில் ஹெட்போன் பெட்டிகள். என்னைப் பார்த்ததும் நின்றாள். அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்கள் என்பது அந்த நிற்பிலேயே தெரிந்தது. கோபமா, வருத்தமா என்று எனக்குப் பிடிபடவில்லை. மனிதர்களைக் கவனிக்கத் தெரிந்தவன் என்று பெருமையடித்த எனக்கு. அறையில் வேலை தேடி வந்தவர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள்.

"சார், காலைக் கொஞ்சம் எடுத்துக்கறீங்களா?" என்றாள்.

எடுத்துக்கொண்டேன்.

"தேங்க்ஸ் சார்" என்று சொல்லிவிட்டுப் போனாள். குரலில் ஒரு பிசிறு இல்லை. சொன்ன வேலையைச் சரியாகச் செய்தாள், நல்ல ஆளைத்தான் எடுத்திருக்கிறோம். நான்தான் எழுந்து கழிப்பறைக்குப் போய், குழாயைத் திறந்து விட்டுக்கொண்டு வெகுநேரம் நின்றேன்.