எண்பது நிமிடத்தில் மாட்டிக்கொண்ட கணக்குப் புலி

பதினோரு வருடமாகக் கணக்கு வாத்தியாரின் மானத்தைக் காப்பாற்றி வந்தது பள்ளிக்கூட மணிதான். ஏழாம் வகுப்பில் யாராவது ஏடாகூடமாகக் கேட்டால், அலட்டிக்கொள்ளாமல் திரும்பி நின்று போர்டைத் துடைப்பார். தேதி எழுதுவார். அதற்கு அடிக்கோடும் போடுவார். மணி அடித்துவிடும். "நாளைக்குப் பார்ப்போம்" என்று கிளம்பிவிடுவார். இந்த லட்சணத்தில் அவருக்குக் கணக்குப் புலி என்று பெயர் வேறு.

இந்த மாதம் தலைமையாசிரியை நாற்பது நிமிடப் பீரியடை எண்பதாக்கினார். அது எப்படிப் போகிறது என்று பார்க்க, இன்று கடைசி பெஞ்சில் நோட்டும் கையுமாக வந்து உட்கார்ந்தும்விட்டார். புலி பதுங்க இடம் தேடியது.

முதல் பெஞ்சில் 'துருவி' எழுந்தாள். கேள்வி கேட்டே வாங்கிய பட்டப்பெயர்.

"சார், மைனஸை மைனஸால பெருக்கினா ஏன் பிளஸ் வருது?"

அவர் போர்டைத் துடைத்தார். மறுபடியும் துடைத்தார்.

"சார், போர்டு சுத்தமாத்தான் இருக்கு" என்றாள் துருவி.

கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் ஐம்பத்திரண்டு நிமிடம். பாழாய்ப்போன நேரத்தைக் கொல்ல வேண்டுமே என்று மைனஸ் இரண்டின் வாய்ப்பாட்டை மேலிருந்து ஆற அமர எழுதினார். மூன்றால் பெருக்கினால் மைனஸ் ஆறு. இரண்டால் மைனஸ் நான்கு. ஒன்றால் மைனஸ் இரண்டு. பூஜ்யத்தால் பூஜ்யம்.

"சார்! வரிக்கு வரி ரெண்டு ரெண்டா ஏறுது! அடுத்தது மைனஸ் ஒண்ணால பெருக்கணும்... அப்ப பிளஸ் ரெண்டுதானே வரணும்?" துருவி துள்ளிக் குதித்தாள்.

வகுப்பே ஹோவென்று கத்தியது. வாத்தியார் வாயைப் பிளந்தபடி போர்டையே பார்த்தார். அட, ஆமாம்!

தலைமையாசிரியை எழுந்துவிட்டார். "பிரமாதம் சார்! நீங்க சொல்லாம பிள்ளைங்களையே கண்டுபிடிக்க வச்சுட்டீங்க. எத்தனை வருஷமா இப்படி நடத்துறீங்க?"

பேசாமல் ஒரு புன்னகை பூத்தால் போதும், புலி சிங்கமாகிவிடும். ஆனால் எதிரே துருவியின் முகம் பூரித்துக் கிடந்தது. அந்தப் பெருமையைத் திருட அவருக்கு மனம் வரவில்லை.

"இவ சொல்லித்தான் மேடம், இன்னிக்கு எனக்கே தெரிஞ்சுது."

தலைமையாசிரியை நோட்டை மூடினார். மெல்ல உட்கார்ந்தார்.

"மணி அடிக்க இன்னும் எவ்வளவு நேரம் இருக்கு?"

"நாற்பது நிமிஷம் மேடம்."

தலைமையாசிரியை கூச்சத்தோடு கையைத் தூக்கினார்.

"அப்ப... பின்னத்தை வகுக்கும்போது ஏன் சார் தலைகீழாப் போடுறோம்?"