உறைக்கு அடியில்

செனாய் ஊரில், தாமான் எனப்படும் குடியிருப்பு வீடுகளின் கடைசி வரிசையில் மூலை வீடு பிரேமலாவுடையது. பின்வேலிக்கு அப்பால் எண்ணெய்க்காக வளர்க்கும் செம்பனைத் தோட்டம். சனிக்கிழமை மதியம் அவள் கொடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது, முதுகுக்குப் பின்னால், பிள்ளைகள் ஏறிக் குதிக்கும் டிராம்போலினின் ஸ்பிரிங்குகள் கிறீச்சிட்டன. மகள்தான் குதிக்கிறாள் என்று நினைத்தாள்.

"ரூபினி, இப்பதானே சாப்பிட்ட? அப்புறமா குதிக்கலாம்," என்றாள், திரும்பாமலே.

"நான் இங்க இருக்கேன்மா," என்று சமையலறைக்குள்ளிருந்து பதில் வந்தது.

பிரேமலா திரும்பிப் பார்த்தாள். டிராம்போலினைச் சுற்றியிருந்த வலையின் ஜிப் மேலிருந்து கீழ்வரை மூடியிருந்தது. காற்றே இல்லை, செம்பனையில் ஒரு மட்டைகூட அசையவில்லை. ஆனால் டிராம்போலினின் கறுப்புத் துணி மட்டும், யாரோ இப்போதுதான் இறங்கிப் போனதுபோல் நடுங்கிக்கொண்டிருந்தது.

அதை வாங்கி இரண்டு வாரம்தான் ஆகியிருந்தது. அவள் கணவன் ஹேமநாதன் சிங்கப்பூரில் வேலை செய்கிறவன். விடியுமுன் கிளம்பினால் இருட்டிய பிறகுதான் வருவான். மகளோடு இருக்க முடியவில்லையே என்ற குறையை ஒரே நாளில் தீர்த்துவிடப் பார்த்தான். கைப்பேசியில் பழைய டிராம்போலின் விற்கும் விளம்பரத்தைப் பார்த்த மறுநாளே, நண்பரின் லோரியில் மனைவியோடு பொந்தியான் ஊருக்குப் போய்விட்டான்.

விற்ற பெண்ணின் பெயர் தேன்மொழி. இரும்பு வளையத்தையும் ஸ்பிரிங்குகளையும் மூடிய சுற்று உறை பளபளவென்று புதிதாக இருந்தது. கால்களில் வெள்ளிப் பெயிண்டின் வாடை. உறையைப் பிரிக்க அவள் விடவில்லை. பிரித்தால் மறுபடி மாட்டுவது சிரமம், கால்களை மட்டும் கழற்றி அப்படியே ஏற்றிக்கொள்ளுங்கள் என்று அவசரப்படுத்தினாள். வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால் ரூபினி வயதில் ஒரு சிறுமி நின்றாள். லோரி கிளம்பும்போது பிரேமலா கையசைத்தாள். அந்தப் பிள்ளை கையசைக்கவில்லை. வேண்டாம் என்பதுபோல் மெல்லத் தலையை மட்டும் இருபுறமும் ஆட்டியது. பொம்மையைப் பிரிகிற வருத்தம் என்று பிரேமலா எண்ணிக்கொண்டாள்.

அதன்பிறகுதான் சத்தம் தொடங்கியது. தினமும் இல்லை, வெயில் உச்சிக்கு ஏறிய சில மதியங்களில், ஒரே ஒரு முறை. ரூபினி வேலிப்பக்க ஓரத்துக்கு மட்டும் போவதில்லை. ஏன் என்று கேட்டதற்கு, "அங்க போனா யாரோ காலப் புடிச்சு கீழ இழுக்கிறாங்கம்மா," என்றாள். பக்கத்து வீட்டு ராசம்மா, யார் வீட்டுப் பொருளோ, எதைச் சுமந்து வந்திருக்கிறதோ என்று கவலைப்பட்டு எலுமிச்சம்பழம் சுற்றிப் போட்டார். ஹேமநாதன் டிராம்போலினின் ஒரு காலில் மிளகாயும் எலுமிச்சையும் கோர்த்துக் கட்டினான். சத்தம் நிற்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பிரேமலா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது நடந்தது. குதித்த வேகத்தில் ரூபினி வேலிப்பக்கம் சரிந்தாள். ஓரத்தில் இறங்கிய கால் முழங்கால்வரை உள்ளே போனது. பிள்ளை வாயைத் திறந்தபடி அம்மாவையே பார்த்தது. பிரேமலா ஓடிப்போய் வலையைக் கிழித்துக்கொண்டு, அவளை அக்குளில் பிடித்து இழுத்தாள். கீழே நிஜமாகவே ஏதோ காலைப் பிடித்திருந்தது. இரண்டாவது இழுப்பில்தான் விட்டது. கெண்டைக்காலில் தோல் நீளமாக உரிந்திருந்தது.

காயத்தைக் கழுவிக் கட்டிவிட்டு வந்து, உறையைத் தூக்கிப் பார்த்தாள். வளையக் குழாய் துரு அரித்து, பல்லிடுக்குபோல் ஓட்டை ஓட்டையாக இருந்தது. அதன்மேல் வெள்ளிப் பெயிண்ட். துளைகள் கிழிந்து ஐந்து ஸ்பிரிங்குகள் கழன்று புல்லில் கிடந்தன. வெயிலில் ஒவ்வொன்றாகத் தெறித்தபோதுதான் அந்தச் சத்தம் வந்திருக்கிறது. அவை கழன்ற இடத்தில் துணி தொய்ந்துதான் கால் கீழே இழுபட்டிருக்கிறது, கிழிந்த துளையின் கூரிய விளிம்புதான் அதைப் பிடித்திருக்கிறது. விரிசல் விட்ட வெல்டிங்கின் இடுக்கில் ஒரு சிறு காலுறை இறுகச் சிக்கியிருந்தது. ரூபினி குதிக்கும்போது காலுறை போடுவதே இல்லை. அதிலிருந்த பழுப்புக் கறை துருவா வேறு ஏதாவதா என்று பிரேமலாவால் சொல்ல முடியவில்லை.

தேன்மொழியைக் கைப்பேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னாள். தேன்மொழி, "உங்க பிள்ளைக்கு எலும்பு ஒடையலையே?" என்று கேட்டாள். அவள் மகளுக்கு இதில் குதித்துக் கால் உடைந்திருந்தது. இன்னும் நொண்டி நொண்டித்தான் நடக்கிறாளாம். எங்களுக்கு வித்தவங்களும் சொல்லலை என்று அழுதாள்.

ஹேமநாதன் பொருளைச் சுற்றிச் சுற்றி வந்தான். இன்னொரு தடவை பெயிண்ட் அடித்து, புது ஸ்பிரிங் மாட்டி விற்றுவிடலாம், வாங்குகிறவர்கள் பார்த்து வாங்கட்டும் என்றான். பிரேமலா மறுக்கவில்லை. வீட்டை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

ஹேமநாதன் பெயிண்ட் அடித்து, ஸ்பிரிங் மாட்டி, கிழிந்த வலையைத் தைத்து விளம்பரம் போட்டான். அடுத்த சனிக்கிழமை சாந்தினி என்ற பெண் தன் இரட்டைப் பெண்குழந்தைகளோடு மூவார் ஊரிலிருந்து அதை வாங்க வந்தாள். பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்தபோதே குழந்தைகளில் ஒருத்தி வலைக்குள் நுழைந்து வேலிப்பக்க ஓரத்தில் போய் நின்றுவிட்டாள். வீட்டு ஜன்னல் கம்பிக்குப் பின்னால், காலில் கட்டோடு ரூபினி நின்றிருந்தாள். அந்தப் பிள்ளையைப் பார்த்து, வேண்டாம் என்பதுபோல் தலையை மெல்ல இருபுறமும் ஆட்டினாள்.

பொந்தியானில் தேன்மொழி நின்ற இடத்தில் இப்போது தான் நிற்பது பிரேமலாவுக்கு விளங்கியது.

"எறங்கு கண்ணு. குதிக்காம, மெதுவா," என்று சொல்லிக் குழந்தையை வாரி வெளியே எடுத்தாள். பிறகு உறையை முழுவதும் உருவிப் போட்டாள். பெயிண்டுக்கு அடியிலிருந்த துரு, விரிசல், இன்னும் இடுக்கில் சிக்கியிருந்த காலுறை எல்லாவற்றையும் சாந்தினிக்குக் காட்டினாள். ஹேமநாதன் முதலில் பல்லைக் கடித்தான். அப்புறம் ஜன்னலில் நின்ற மகளைப் பார்த்தான். உள்ளே போய் இரும்பு அறுக்கும் ரம்பத்தைக் கொண்டுவந்து, யாரும் சொல்லாமலே வளையத்தை அறுக்கத் தொடங்கினான். குழாய் பிளந்ததும் உள்ளே துரு கரைந்து தேங்கிக் கிடந்த மழைநீர் செக்கச்செவேலென்று புல்லில் வழிந்தது. சாந்தினி பிள்ளைகள் இருவரையும் தன்னோடு அணைத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லாம விட்டிருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காது, அக்கா," என்றாள்.

"எனக்குத் தெரிஞ்சிருக்குமே லா," என்றாள் பிரேமலா. "இத்தனை நாளா இதுல பேய் இருக்குன்னு பழம் சுத்துனோம். ஒரு தடவை உறையத் தூக்கிப் பார்க்கத் தோணல. பிள்ளைங்க ஏறுற சாமான வாங்குறப்ப மூடியிருக்கிறத நாமதான் தூக்கிப் பார்க்கணும். குழாய் தடிப்பா இருக்கா, துரு இருக்கா, வலை ஸ்பிரிங்குக்கு உள்பக்கமா கட்டியிருக்கான்னு பார்க்கணும். விக்கிறப்ப நாமளே தூக்கிக் காட்டணும். காட்ட முடியாத சாமான் யார் வீட்டுக்கும் போகக் கூடாது."