அத்தானின் நாக்கு

நான் சொல்வதில் எவ்வளவு சரி என்று எனக்கே தெரியவில்லை. தன் மகளின் பிரசவத்துக்காக அக்கா அவள் ஊருக்குக் கிளம்பிய அன்று மழை பெய்ததாகத்தான் என் நினைவு. அக்காவோ, வெயில் மண்டையைப் பிளந்தது என்கிறாள். குடை விரித்திருந்தது இருவருக்கும் நினைவிருக்கிறது. எதற்காக விரித்தோம் என்பதில்தான் தகராறு. ஆகவே யார் முதலில் என்ன சொன்னார்கள் என்று என்னைத் துருவினால் மாட்டிக்கொள்வேன். கடையில் பரிமாறும் சாஸின் ருசி மாறியது மட்டும் நிச்சயம். அதுவும் மாறியதா இல்லையா என்று பல நாள் தெரியாமல்தான் இருந்தோம்.

அக்கா வீட்டுக்காரரை அத்தான் என்று கூப்பிடுவேன். அவர் என்னை மச்சான் என்பார், கோபம் வந்தால் ஊமைக்கோட்டான் என்பார். நான் பிழை திருத்திக்கொண்டிருந்த அச்சகம் மூடப்பட்டபின் அவர்களுடைய கடையில் வந்து ஒட்டிக்கொண்டேன். பஸ் டிப்போவுக்கு எதிரில், ஒரு லாண்டரியை ஒட்டினாற்போல் சின்ன சாப்பாட்டுக் கடை. மதியம் மட்டும் வியாபாரம். ஒரே பண்டம்தான்: பன்றிக்கறி கட்லெட், ஓரத்தில் வெள்ளை சாஸ்.

கட்லெட் என்றால் பிசைந்து உருட்டும் சமாச்சாரம் இல்லை. எலும்பு நீக்கிய கறியைக் கையகல வில்லைகளாக வெட்டி, மேலே பிளாஸ்டிக் தாளைப் போட்டு, மரச்சுத்தியால் அத்தான் தட்டுவார். ஓங்கி அடிக்க மாட்டார். தூங்குகிற குழந்தையின் முதுகில் தட்டுவதைவிடக் கொஞ்சம் பலமாக, நடுவிலிருந்து ஓரத்துக்கு. உப்பும் மிளகும் தடவி, மைதாவில் புரட்டி, அடித்த முட்டையில் முக்கி, ரொட்டித்தூளில் படுக்கவைப்பார். தூளை அழுத்தக் கூடாது என்பது அவருடைய சட்டம். அழுத்தினால் ஓடு மாதிரி இறுகிவிடும், மொறுமொறுப்பு வராது. எண்ணெயில் போட்டதும் எழுகிற இரைச்சல் இறங்கி இறங்கிச் சன்னமான சலசலப்பாகும். அந்த நேரம் பார்த்து எடுத்துக் கம்பித்தட்டில் சாய்த்து நிறுத்துவார்.

சாஸைக் காலையிலேயே வைத்துவிடுவார். வெண்ணெயில் பொடி வெங்காயத்தை நிறம் மாறாமல் வதக்கி, எலும்பு வேகவைத்த தண்ணீர் ஊற்றிச் சுண்டவைத்து, கிரீமும் கடுகு விழுதும் சேர்த்து இறக்குவார். சூடு சற்றுத் தணிந்ததும் எலுமிச்சை பிழிவார். சுண்டுவிரலால் தொட்டு நாக்கில் வைப்பார். கண்ணை மூடுவார். "சரி" என்பார். அதற்குப் பிறகு அன்றைக்கு அந்த சாஸ் அவர் வாயில் படாது. பகல் முழுக்க எண்ணெய்ச் சட்டிமுன் நிற்கிறவருக்குப் பொரித்தது இறங்காது. ரொட்டியும் சூப்பும்தான் அவர் சாப்பாடு.

சமையலறைக்கும் சாப்பிடும் கூடத்துக்கும் நடுச்சுவரில் ஒரு சதுரத் திறப்பு. அதில் வெந்நீர் நிரம்பிய தொட்டிக்குள் சாஸ் பாத்திரம். பக்கத்தில், வினிகரில் ஊறிய வெள்ளரித் துண்டுகள் உள்ள கண்ணாடி ஜாடி. தட்டு வந்ததும் கட்லெட் நனையாமல் ஓரமாக ஒரு கரண்டி சாஸ், கொஞ்சம் வெள்ளரி. அது அக்காவின் இடம். அத்தான் அடுப்பைப் பார்த்து நிற்பார். அக்காவுக்கு அவருடைய முதுகு தெரியும். அவருக்கு அக்காவின் குரல் மட்டும்.

அக்கா போனதும் அந்த இடத்தில் நான் நின்றேன்.

"மச்சான், சாஸ் கரண்டி சாஸுக்கு மட்டும்தான். வெள்ளரிக்கு இந்த இடுக்கி. கலக்காத. உங்க அக்காகிட்ட கல்யாணம் ஆன நாள்லேருந்து சொல்லிட்டு வரேன்."

"கேக்கறாளா?"

"கேக்கறேன்னு சொல்றா."

நான் கேட்டேன். காற்புள்ளி இடம் மாறினால்கூடப் பொறுக்காத, பிழை திருத்திப் பழகிய கை இது. இடுக்கியால் வெள்ளரியை எடுத்து, ஜாடி விளிம்பில் தட்டி, நீர் வடித்துத் தட்டில் வைத்தேன்.

முதலில் சொன்னது பஸ் டிரைவர். மதிய ஷிப்ட் முடிந்து கடைசியாக வருகிறவர்.

"இன்னிக்கு சாஸ் யாரு வச்சது?"

"அத்தான்தான். எப்பவும் அவர்தானே."

"என்னமோ குறையுதே."

"என்ன குறையுது?"

"அது தெரிஞ்சா நானே கடை போட்டிருப்பேன். பஸ் எதுக்கு ஓட்டறேன்?"

சிரித்துவிட்டுப் போனார். மறுநாளும் தட்டில் பாதி சாஸ் அப்படியே இருந்தது. அடுத்தடுத்து மற்றவர்களும் அதையே சொன்னார்கள், வெவ்வேறு வார்த்தைகளில். ஒருவருக்குச் சப்பென்று இருந்தது. இன்னொருவருக்கு உயிர் இல்லை. டிக்கெட் கவுண்டரில் இருக்கும் அம்மா, "வெள்ளையடிச்ச சுவர் மாதிரி இருக்குப்பா" என்றார். வேடிக்கை என்னவென்றால், கடை திறந்ததும் வருகிறவர்கள் எதுவும் சொல்லவில்லை. நேரம் கழித்து வருகிறவர்கள்தான் முகம் சுளித்தார்கள். அதை நான் கவனித்தேன். கவனித்து என்ன செய்வது என்று தெரியவில்லை.

அத்தான் புதிதாக ஒரு கரண்டி எடுத்துச் சுவைத்தார். கண்ணை மூடினார். "சரியாத்தானே இருக்கு," என்றார். பிறகு என்னிடம் நீட்டினார். "நீ சொல்லு."

நான் சுவைத்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முன்பு எப்படி இருந்தது? எல்லோரும் போனபின் பாத்திரத்தின் அடியில் மிஞ்சியதை ரொட்டியால் வழித்துச் சாப்பிடுவது என் வழக்கம். அந்த ருசி எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏதோ குறைவதாக எனக்கும் சில நாட்களாகத் தோன்றியிருந்தது. அக்கா இல்லாத வெறுமை என்று அதற்கு நானே ஒரு பெயர் வைத்துவிட்டேன். இது சாஸா, வருத்தமா என்று பிரிக்கத் தெரியாமல் நின்றேன்.

"வாயத் திறயேன்டா, ஊமைக்கோட்டான்."

"தெரியல அத்தான்."

அவர் முகத்தில் ஏதோ அணைந்தது. நான் தெரிந்தே மறைக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

அதற்கு முந்தைய மாதம் அவருக்குக் கடுமையான காய்ச்சல் வந்து போயிருந்தது. நாக்கு செத்துவிட்டது என்று முடிவு செய்தார். உப்பைத் தொட்டு வைத்தார், சர்க்கரையைத் தொட்டு வைத்தார். இரண்டும் தெரிந்தன. "இதெல்லாம் பச்சக் குழந்தைக்கும் தெரியும்," என்றார். ஒருநாள் கூடுதலாக எலுமிச்சையைத் தோலோடு நசுக்கிப் பிழிந்தார்; சாஸ் கசந்தது. மறுநாள் சூட்டோடு பிழிந்தார். கிரீம் திரிந்து தயிர் உடைந்தது போலானது. அத்தனையையும் கழுவும் தொட்டியில் கொட்டிவிட்டு, ஓடும் குழாயைப் பார்த்தபடி நின்றார். நானும் நின்றேன். எங்கள் இருவருக்கும் மௌனம் புதிதில்லை. ஆனால் அதற்கு முன்பெல்லாம் அது ஒரே மௌனமாக இருக்கும். அன்று ஆளுக்கொன்றாக இருந்தது.

அக்காவுக்குப் போன் செய்தார். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.

"நீ சாஸ்ல ஏதாவது போடுவியா? மறைக்காம சொல்லு."

"நான் என்னத்தப் போட்டேன்? நீங்க தொட விட்டாத்தானே! கரண்டி பிடிச்சேன், அவ்வளவுதான்."

"சத்தியமா?"

"பொறக்கப்போற பேரப்பிள்ளை மேல சத்தியம். ஏன், என்ன ஆச்சு?"

"ஒண்ணுமில்ல. நல்லா சாப்பிடு."

லாண்டரிக்காரர் புது மெஷினுக்கு இடம் தேடிக்கொண்டிருந்தார். எங்கள் கடையைத் தரச்சொல்லி அவர் பல நாளாக விளையாட்டுப்போல் கேட்டுவந்ததை அத்தானே போய் உறுதி செய்துவிட்டு வந்தார். மாதக் கடைசியில் சாவியைக் கொடுப்பதாகப் பேச்சு.

லாண்டரிக்காரர் நல்ல மனிதர். என்னிடம் தனியாக, "எனக்கு சந்தோஷப்படறதா என்னன்னு புரியல தம்பி. உங்க அடுப்பு இருந்த இடத்துல வெளுத்தா எல்லாச் சட்டையும் கறி வாசனைதான் அடிக்கப்போகுது," என்றார்.

"நீங்களே வேணாம்னு சொல்லுங்களேன்."

"நான் சொன்னா வேற ஆளுக்குக் குடுத்துடுவாரு. சமைக்கிறவனுக்கு நாக்கு போச்சுன்னா டிரைவருக்குக் கண்ணு போன மாதிரின்றாரு. நான் என்னத்தச் சொல்ல?"

சாவி கொடுப்பதற்கு முந்தைய நாள் காலையில் அக்கா வந்து இறங்கினாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"என்ன இது, நனைஞ்ச ரஸ்க் மாதிரி மூஞ்சி?" என்றாள் அத்தானைப் பார்த்து. "பேத்தி உங்க மூக்க அப்படியே வச்சுக்கிட்டுப் பொறந்திருக்கா."

"நாக்க வச்சுக்காம இருந்தாச் சரி," என்றார் அத்தான்.

அவர் விஷயத்தைச் சொன்னார். அக்கா கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு திறப்பின் முன்னால் போய் நின்றாள். "இன்னிக்கு ஒரு நாளாவது ஒழுங்காப் பொரிங்க. நாளைக்கதை நாளைக்கு," என்றாள். நான் இடுக்கியை நீட்டினேன். வாங்கி ஓரமாக வைத்தாள்.

வழக்கம்போல் கடைசியில் பஸ் டிரைவர் வந்தார். இரண்டு வாய் சாப்பிட்டார். தலையைத் தூக்கினார்.

"இது! இதத்தான்யா சொன்னேன்!"

அத்தான் மாவுக் கையோடு கூடத்துக்கு ஓடிவந்தார். "கிண்டலா? நேத்து மாதிரியேதான் இன்னிக்கும் வச்சேன். அதே எலுமிச்சை."

"நான் ஏங்க கிண்டல் பண்றேன்? நீங்களே சாப்பிட்டுப் பாருங்க."

"சாப்பிட்டேன், காலையிலயே சாப்பிட்டேன்!" அக்காவின் பக்கம் திரும்பினார். "என்னடி போட்ட?"

"ஐயோ, என் பேத்தி மேல சத்தியமா ஒண்ணும் போடலீங்க."

"அப்ப எல்லாரும் கூடிப் பேசிக்கிட்டீங்க. என்னைச் சமாதானப்படுத்த."

அக்காவின் கண்கள் கலங்கிவிட்டன. அவள் பொய் சொல்லவில்லை. டிரைவர் பொய் சொல்லவில்லை. அத்தானும் பொய் சொல்லவில்லை. மூன்று உண்மைகள் ஒன்றையொன்று வெட்டிக்கொண்டு நின்றன. இன்னொரு தட்டு காத்திருந்ததால், கண்ணைத் துடைத்தபடியே அக்கா அதை எடுத்தாள். பாத்திரத்திலிருந்து ஒரு கரண்டி சாஸ் ஊற்றினாள். அதே கரண்டியை ஜாடிக்குள் விட்டு வெள்ளரியைக் கோலி எடுத்துத் தட்டில் தள்ளினாள். கரண்டிக் குழியில் வினிகர்த் தண்ணீர் தேங்கி நின்றது. அதோடு கரண்டியை சாஸ் பாத்திரத்தில் போட்டாள்.

அவள் தன் கையைப் பார்க்கவே இல்லை. அவள் பார்வை அத்தானின் மேல் இருந்தது.

சொன்னால் அக்காவைக் காட்டிக்கொடுத்ததாகுமா? அத்தானின் சாஸைத்தான் இத்தனை பேர் புகழ்ந்தார்கள் என்பது பொய்யாகிவிடுமா? சொல்லாவிட்டால் நாளை சாவி கைமாறிவிடும். இதையெல்லாம் நான் அந்த நிமிடத்தில் யோசித்தேனா, பிறகு யோசித்ததை அங்கே கொண்டுபோய் வைக்கிறேனா, தெரியாது. என் குரல் கேட்டது மட்டும் தெரியும்.

"அக்கா, உன் கரண்டி."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"ஜாடிக்குள்ள போகுது. போயிட்டு சாஸுக்குள்ள வருது. ஒவ்வொரு தட்டுக்கும். நேரம் ஆக ஆக வினிகர் ஏறுது."

அக்கா கரண்டியைத் தூக்கிப் பார்த்தாள். அது யாரோ ஒருத்தியின் கையில் இருப்பது போலப் பார்த்தாள். "நானா? எப்பலேருந்து?"

"கல்யாணம் ஆன நாள்லேருந்து," என்றார் டிரைவர், வாயில் கட்லெட்டோடு. அத்தானின் அந்தப் புலம்பல் கூடம் வரைக்கும் கேட்கிற ஒன்று.

அத்தான் மாவுக் கையைத் துடைத்துக்கொண்டார். சுண்டுவிரலைப் பாத்திரத்தில் தொட்டு நாக்கில் வைத்தார். கண்ணை மூடினார். சட்டியில் ஒரு வில்லை கருகத் தொடங்கிய வாசனை எனக்கு எட்டியது, நான் அசையவில்லை.

"புளிக்குது," என்றார். "முனையில புளிச்சு, அப்புறம் கடுகு வருது." இன்னொரு முறை தொட்டார். "நல்லாருக்கு."

"அப்ப உங்க நாக்கு நல்லாத்தானே இருக்கு!" என்றாள் அக்கா.

"நாக்கு நல்லாருக்கு." கண்ணைத் திறந்தார். "ஆனா இத நான் இன்னிக்குத்தான் சாப்பிடறேன். ஊரெல்லாம் என் சாஸ், என் சாஸுன்னு சொன்னது இதைத்தானா? அப்ப நான் காலையில வைக்கிறது என்ன?"

அக்கா கரண்டியைத் துடைத்துக் கீழே வைத்தாள்.

"கருகுது," என்றார் டிரைவர்.

அத்தான் உள்ளே ஓடினார். அடுப்படியிலிருந்து அவர் குரல் மட்டும் வந்தது: "மச்சான், அந்த லாண்டரிக்காரரைப் போய்ப் பாரு. மெஷினுக்கு வேற இடம் தேடச் சொல்லு. அந்த இடுக்கியத் தூக்கி எங்கயாவது போடு."

அதற்குப் பிறகு சில நாள் அக்காவால் இயல்பாகப் பரிமாற முடியவில்லை. ஜாடியின் முன்னால் கை தயங்கி நிற்கும், சாஸ் ஒருநாள் அதிகமாகப் புளிக்கும், ஒருநாள் புளிக்காது. டிரைவரை அழைத்து எதிரில் உட்காரவைத்துப் பேச்சுக் கொடுக்கச் சொன்னார் அத்தான். பேச்சில் மூழ்கியதும் கை தன் வேலையைத் தானே பார்த்துக்கொண்டது.

லாண்டரிக்காரர் தெருக்கோடியில் மெஷினை வைத்தார், நன்றாக ஓடுகிறது. டிரைவர் ஓய்வு பெற்று மகனோடு போய்விட்டார். அக்காவின் பேத்தி பள்ளிக்குப் போகிறாள், புளிப்பு என்றால் அவளுக்கு ஆகாது. அக்கா முழங்கால் வலியோடு இப்போது உட்கார்ந்தபடியே பரிமாறுகிறாள். அத்தான் காலையில் ஒரு முறை, மதியம் கடைசியில் ஒரு முறை என்று இரண்டு தடவை சாஸைச் சுவைக்கிறார். முதல் தடவை "சரி" என்கிறார். இரண்டாவது தடவை அக்காவைப் பார்க்கிறார். நான் அதே கடையில் பாத்திரம் கழுவுகிறேன்.