பேர் போனவர்கள்

ரத்தினத்துக்கு நடுங்கவே வரவில்லை. தோட்டத்து ஆசுபத்திரிப் படிக்குக் கீழே கிழிந்த கம்பளியைப் போர்த்திக்கொண்டு குத்தவைத்திருந்தவள், பல்லைத் தட்டிப் பார்த்தாள், முழங்காலை ஆட்டிப் பார்த்தாள். பார்ப்பதற்குக் காய்ச்சல் மாதிரி இல்லை, சாமி வந்த மாதிரிதான் இருந்தது. பக்கத்தில் நின்ற பேராச்சி சிரிப்பை அடக்க முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

"குளிர் காச்சலாட்டி?" மேல்படியில் நின்றபடியே கேட்டார் கம்பவுண்டர் நமசிவாயம்.

"ராத்திரி பூரா ஐயா. எலும்பெல்லாம் உளையுது."

அவர் இறங்கி வரமாட்டார். வரிசை வீடுகளான லயனில் இருக்கும் கூலியாட்களைத் தொட்டுப் பார்க்கும் வழக்கம் அவருக்குக் கிடையாது. பார்வையாலேயே காய்ச்சலை அளந்துவிடுவார். மாத்திரையை மேலிருந்து அவள் கையில் போட்டார். தண்ணீரையும் உயரத்திலிருந்தே ஊற்றி, தன் கண்முன்னால் விழுங்கச் சொன்னார். தண்ணீர் மட்டும்தான் உள்ளே போனது. மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கிக்கொண்டு, அந்தக் கசப்பில் முகம் கோணாமல் லயன் வரைக்கும் நடந்து வந்து, உலகம்மையின் கையில் துப்பினாள் ரத்தினம்.

"தூ, கொடல் வரைக்கும் கசக்கு. சீக்கிரம் முழுங்குட்டி."

உலகம்மைக்கு அப்போது ஐந்தாம் மாதம்.

குற்றாலத்துக்கு மேலே மலையில் இருந்தது அந்தக் கிராம்புத் தோட்டம். சாரல் விழுந்தால் கீழே சீசன்காரர்களுக்குக் கொண்டாட்டம். மேலே மரக்குழிகளில் தண்ணீர் தேங்கி, கொசு அடைந்து, வீட்டுக்கு ஒருவர் சுருண்டு படுப்பார்கள். வீடு வீடாகக் கொசு மருந்து அடிக்கிற சர்க்கார் ஆட்கள் இலஞ்சி வரைக்கும் வந்துவிட்டார்கள் என்று ஐம்பத்து நாலாம் வருஷம் ஒரே பேச்சாக இருந்தது. மலை ஏறி யாரும் வரவில்லை.

உலகம்மை முதல் பிள்ளையைக் காய்ச்சலில் பறிகொடுத்தவள். ஏழாம் மாதம் குளிரெடுத்து, மூன்றாம் நாள் பிள்ளை அசையாமல் விழுந்தது. இந்தத் தடவை வயிற்றில் தங்கியதிலிருந்து அவளுக்கு அதே நினைப்பு. ஒரு திங்கள்கிழமை கிளார்க்கு வீட்டு வாசல் பெருக்கப் போனபோது, கிளார்க்கின் மனைவி மங்களேஸ்வரியிடம் கம்பவுண்டர் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டாள். மங்களேஸ்வரியும் பிள்ளைத்தாய்ச்சிதான்.

"வாரம் ஒண்ணு தவறாம போடுங்கம்மா. காச்சல் கிட்டயே வராது. பிள்ளைக்கும் நல்லது."

விளக்குமாற்றைப் போட்டுவிட்டு அவர் பின்னாலேயே ஓடினாள்.

"எனக்கும் ஒண்ணு தாங்கய்யா. நானும் முழுகாம இருக்கேன்."

"அது ஸ்டாபு வீட்டுக்கு உள்ளது. ஒனக்குக் காச்சல் வரட்டும், தாரேன்."

அன்று சாயங்காலம் லயன் பெண்களிடம் சொல்லி அழுதாள். அந்த மாத்திரை கருவைக் கலைத்துவிடும் என்று ஒருத்தி பயமுறுத்தினாள்.

"மாத்திரை கலைக்குமோ என்னமோ யக்கா. காச்சல் கலைச்சத நான் கண்ணால பாத்தேன்" என்றாள் உலகம்மை.

பேராச்சிதான் வழி சொன்னாள். "காச்சல் வந்தாத்தான தருவாரு? வந்துட்டாப் போச்சு!"

ஒருத்திக்கே வாராவாரம் காய்ச்சல் வந்தால் கம்பவுண்டர் கண்டுபிடித்துவிடுவார். அதனால் முறை வைத்துக்கொண்டார்கள். காய்ச்சல்காரிக்கு அன்றைக்கு வேலை இல்லை, கூலிப் பதிவேட்டில் பேர் விழாது. பேர் விழாவிட்டால் கூலி கிடையாது. உலை ஏறாத வீட்டுக்காரிகள்கூட முறை வந்தபோது தட்டிக்கழிக்கவில்லை. செண்பகவல்லி தத்ரூபமாக நடுங்கினாள். பயந்துபோன கங்காணி அவளைத் தூக்கிவிட ஆள் தேடினார். நாச்சியார் வழியில் எதிர்ப்பட்ட கிளார்க்குக்கு வாயைத் திறந்து பதில் சொல்ல முடியாமல், கசப்பில் கண்ணீர் வழியத் தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்தாள். பேர் போனவர்கள் என்று தங்களைத் தாங்களே கேலி செய்துகொண்டார்கள்.

"எத்தன பேரு போயிருக்கு! அத்தன பேரையும் இந்தப் பிள்ளைக்குத்தான் வைக்கணும்" என்பாள் பேராச்சி.

எட்டாம் மாதமும் வந்தது. உலகம்மைக்கு ஒரு நாள்கூடக் குளிரெடுக்கவில்லை. வயிற்றுக்குள் பிள்ளை உதைத்தால், வேலை செய்து கை காய்த்த பெண்கள் எல்லாரும் ஓடி வந்து தொட்டுப் பார்த்தார்கள்.

அந்தத் திங்கள்கிழமை பேராச்சியின் முறை. விடியும்போதே நல்ல மழை. ஆசுபத்திரிப் படிக்குக் கீழே அவள் நடுங்கிய நடுக்கத்தில் கம்பளி நழுவிச் சேற்றில் விழுந்தது. கம்பவுண்டர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"வாரத்துக்கு ஒருத்தி கெளம்பி வாரீங்க. இந்தா. இனி எட்டு நாளைக்கு இந்தப் பக்கம் வரக்கூடாது."

பேராச்சி சுவரைப் பிடித்துக்கொண்டு லயனுக்கு வந்து சேர்ந்தாள். உலகம்மை தன் கையை ஏந்தினாள். ஓரம் கரைந்த மாத்திரை அதில் விழுந்தது.

"எப்பிடி? நம்பிட்டாருட்டி கம்பவுண்டரு."

சிரித்துக்கொண்டே அவள் கையைப் பற்றிய உலகம்மை திடுக்கிட்டாள். நெற்றியைத் தொட்டாள், கழுத்தைத் தொட்டாள். அடுப்புக்கல்லாகச் சுட்டது.

"யக்கா, இது நடிப்பு இல்லியே!"

"நேத்தே வந்துட்டு. அதுக்கென்ன இப்பம்? நீ முழுங்கு."

"ஒனக்கு இனி எட்டு நாளைக்குத் தரமாட்டாருக்கா! வாயத் தொற."

பேராச்சி பல்லைக் கடித்துக்கொண்டாள். கடித்த பல்லும் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டது. இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, அந்த ஒற்றை மாத்திரையை ஒருவர் வாய்க்கு ஒருவர் தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

வெளியே குடை பிடித்தபடி கம்பவுண்டர் மேட்டுக்கு ஏறிப்போனார். அவர் கையில் மாத்திரைப் புட்டி கிலுகிலுப்பைபோலக் குலுங்கியது. கிளார்க்கு வீட்டு வாசலில் அவர் குரல் குழைந்து கேட்டது.

"கசக்கத்தாம்மா செய்யும். வெல்லத்தோட போட்டுக்கிடுங்க. போன வாரம் மாதிரி துப்பிட்டாலும் பரவால்ல, வேற தாரேன்."

உலகம்மையின் ஈரக் கையில் மாத்திரை கரைந்துகொண்டிருந்தது.