முதலில் தோற்பவர் வீட்டுக்கு

லிப்ட் மெக்கானிக்கின் வீட்டில் கூடத்திலிருந்து குளியலறைக்குப் போக வேண்டுமானால் ஒருக்களித்துத்தான் நடக்க வேண்டும். மூன்று வருடமாக அப்படித்தான். வாசல் கதவருகே தொடங்கி, கூடத்தை நீளவாக்கில் கடந்து, சமையலறை நிலையை உரசிக்கொண்டு, குளியலறைக் கதவுக்கு முன்னால் ஒரு பழைய தலையணையில் போய் முடிந்தது அந்த டிராக். இருபதடிக் கறுப்புப் பலகை, தரையோடு தரையாகக் கிடந்தது. அதில் இரண்டு பள்ளக் கோடுகள், ஒவ்வொரு கோட்டின் இரு பக்கமும் மின்சாரம் ஓடும் மெல்லிய கம்பிகள். ஓடுவது என்னவோ விரல் நீளக் கார்தான். அடியிலுள்ள முள்ளைப் பள்ளத்தில் இறக்கி, கையிலுள்ள கன்ட்ரோலரை அமுக்கினால், கண் இமைப்பதற்குள் தலையணையில் முட்டிக்கொண்டு நிற்கும். இதற்காக எட்டு வளர்ந்த ஆண்கள் ஒரு கிளப் வைத்திருந்தார்கள்.

கிளப்புக்குச் சொந்தமாக இடம் கிடையாது. வருடத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஒரு பள்ளிக்கூட ஹால் கிடைக்கும், அன்றைக்குப் போட்டி. மீதி நாளெல்லாம் டிராக்கை யார் வீட்டில் வைப்பது என்று பெரிய சண்டை நடந்து, கடைசியில் செயலாளர் ஒரு விதி எழுதினார். செயலாளர் மருந்துக்கடைக்காரர். எதையும் சீட்டு எழுதி ஒட்டாவிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. அன்றைய போட்டியில் முதலில் தோற்பவர் எவரோ, அவர் வீட்டுக்கு டிராக் போகும். இதுதான் விதி.

மூன்று வருடமும் முதலில் தோற்றது லிப்ட் மெக்கானிக். மனிதர் சோம்பேறி என்றால்கூட மனசு ஆறும். அவரைப் போல உழைத்தவர் கிளப்பில் யாருமில்லை. பின்சக்கர டயரை உப்புத்தாளில் சுற்றவிட்டு உருட்டி எடுப்பார். ஊசி முனையில் எண்ணெய் தொட்டு அச்சில் வைப்பார். ஒட்டும் டேப்பைக் கையில் சுற்றி, டயரில் தூசு துளியும் இல்லாதபடி ஒற்றி ஒற்றி எடுப்பார். ஒவ்வொரு ஓட்டத்தின் நேரத்தையும் மூன்று தசமம் வரைக்கும் நோட்டில் எழுதுவார். அதனால் கிளப்பில் அவருக்குத் ‘தசமம்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

அந்தக் கிளப்பில் வேகம் மட்டும் போதாது. உன் கார் எத்தனை வினாடியில் ஓடும் என்று முன்கூட்டியே நீயே சீட்டில் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். மெதுவான நேரம் எழுதியவருக்கு அந்த வித்தியாசத்தின் அளவு முன்னதாகப் பச்சை விளக்கு எரியும். யார் முதலில் கோட்டைத் தாண்டுகிறாரோ அவருக்கு வெற்றி. ஆனால் எழுதிக் கொடுத்ததைவிட வேகமாக ஓடிவிட்டால், ஏமாற்றுக்காரன் என்று வெளியே அனுப்பிவிடுவார்கள். பழைய காரும் புதுக் காரும் சமமாக மோத இப்படி ஓர் ஏற்பாடு. மற்றவர்கள் போன வருடம் ஹாலில் ஓடிய நேரத்தையே இந்த வருடமும் எழுதினார்கள். தசமம் மட்டும், முதல் வருடம் குத்துமதிப்பாக எழுதித் தோற்றதிலிருந்து, வீட்டில் நூறு தடவை ஓட்டிப் பார்த்த நேரத்தை எழுதினார். 1.389 என்று எழுதுவார், ஹாலில் 1.41 ஓடுவார், அந்த வித்தியாசத்தில் தோற்று டிராக்கோடு வீடு வருவார்.

போட்டிக்கு மூன்று நாள் முன்னால் அவர் மனைவி வேலையிலிருந்து வந்து கூடத்தின் ஒரு மூலையில் காலை மடக்கி உட்கார்ந்தாள். அவள் வீடு வீடாகப் போய்த் தரைக்கு டைல்ஸ் பதிப்பவள். நாளெல்லாம் முழங்காலில் நின்று வேலை. சாயங்காலம் அந்த இரண்டு காலையும் முழுசாக நீட்டிப் போட ஒரு நீள சோபா வேண்டும் என்பதுதான் அவளுடைய ஒரே ஆசை. அந்த சோபா திங்கட்கிழமை வருகிறது. அதை வைக்கிற இடத்தில் டிராக் கிடந்தது.

“ஞாயித்துக்கிழமை இது திரும்பி வந்துச்சுன்னா, சோபா இங்க இருக்கும், நீங்க டிராக்கோட வெளிய இருப்பீங்க” என்றாள். குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் அவர் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

இந்த வருடம் தோற்கவே மாட்டேன் என்று அவர் நோட்டைக் காட்டினார். பன்னிரண்டு ஓட்டம், பன்னிரண்டும் 1.389. வீட்டில் இத்தனை சரியாக வருவது ஹாலில் மட்டும் ஏன் காலை வாருகிறது என்று அவள் கேட்டாள். காற்றில் ஈரம், மின்சாரத்தில் ஏற்ற இறக்கம், கிளப்பிலுள்ள பஸ் டிரைவரின் கண் திருஷ்டி என்று அவர் ஒரு பட்டியல் வாசித்தார். அவள் அதைக் கேட்டுக்கொண்டே தரையைப் பார்த்தாள்.

“இது சரிவுலதான ஓடுது” என்றாள்.

“என்ன சரிவு?”

“கழுவிவிட்டா தண்ணி பாத்ரூம் பக்கம் ஓடணுமில்ல. வாசல்லருந்து ரெண்டரை இஞ்ச் இறக்கிப் போட்டிருக்கேன். நான் போட்ட தரைதான?”

அவர் குனிந்து தரையைப் பார்த்தார். “மூணு வருஷமா ஏன் சொல்லல?”

“நீங்க எங்க கேட்டீங்க? காத்தைப் பத்திப் பேசுனீங்க, கரன்ட்டைப் பத்திப் பேசுனீங்க. தரையைப் பத்தி இந்த வீட்டுல யாரு கேட்டா?”

அவருக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் கோபப்படுவது என்று தெரியாததால் அது வந்த வழியே போயிற்று. தினமும் பத்து மாடி லிப்டை நூல் பிடித்தாற்போல் நிறுத்துகிறவர், சொந்த வீட்டின் சரிவைக் கவனிக்காமல் மூன்று வருடம் கார் விட்டிருக்கிறார். அவள் பையிலிருந்து ரசமட்டத்தை எடுத்தாள். உடைந்த டைல்ஸ் துண்டுகளைப் பலகைக்கு அடியில் அங்கங்கே சொருகி, நீர்க்குமிழி நடுவில் வந்து நிற்கும்வரை விடவில்லை. அவர் காரை விட்டார். 1.410. மறுபடியும் விட்டார். 1.410. நோட்டை மூடிவிட்டுத் தலையில் கை வைத்து உட்கார்ந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அவளும் கூடவே கிளம்பினாள். டிராக் வேறு யார் வண்டியிலாவது ஏறுவதைக் கண்ணால் பார்க்காமல் திரும்ப மாட்டாளாம். ஹாலில் போய்ப் பார்த்தால் ஏழு பேர்தான் இருந்தார்கள். வாட்ச் ரிப்பேர்க்காரருக்குக் காய்ச்சல். ஜோடி சேராதே என்று செயலாளர் கையைப் பிசைந்தார். அப்புறம் அவள் பக்கம் திரும்பி, “ஏம்மா, கிளப் கார் ஒண்ணு சும்மா கிடக்கு, நீங்க ஓட்டுறீங்களா?” என்று கேட்டார். அது ஆமை வண்டி, பெட்டியின் மேல் போன வருட நேரம் 1.62 என்று ஒட்டியிருந்தது. அவள் அதையே சீட்டில் எழுதிப் போட்டாள். தசமம் தன் சீட்டில் 1.41 என்று எழுதினார்.

செயலாளர் டப்பாவைக் குலுக்கி முதல் ஜோடியை எடுத்தார். தசமம், அவர் மனைவி.

ஹாலே சிரித்தது. பஸ் டிரைவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இருவரில் யார் தோற்றாலும் டிராக் போகிற வீடு ஒன்றுதான். மறுபடி குலுக்கச் சொல்லித் தசமம் கெஞ்சினார். குலுக்கினது குலுக்கினதுதான் என்று செயலாளர் சொல்லிவிட்டார். மனைவி சுவரில் ஒட்டியிருந்த விதித் தாளின் முன்னால் போய் நின்று, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள். திரும்பி வந்து அவர் காதில் ஒரே ஒரு வார்த்தை சொன்னாள். “அமுக்காதீங்க.”

கார்கள் கோட்டில் நின்றன. அவளுக்குப் பச்சை எரிந்தது, கண் இமைப்பதற்குள் அவருக்கும் எரிந்தது. இரண்டு கார்களும் நின்ற இடத்திலேயே நின்றன.

கன்ட்ரோலர் பழுதா என்று செயலாளர் கேட்டார். இல்லை என்றாள். விளக்கு தெரியவில்லையா என்றார். நன்றாகத் தெரிகிறது என்றாள்.

“பச்சை வர்றதுக்கு முன்னாடி கிளம்பினா தப்புன்னு எழுதியிருக்கு அண்ணே. பச்சை வந்தப்புறம் எவ்வளவு நேரத்துக்குள்ள கிளம்பணும்னு எழுதலையே. நாங்க மெதுவா கிளம்பிக்கிறோம்.”

ஐந்து நிமிடம் போயிற்று. பத்து நிமிடம் போயிற்று. புருஷனும் பெண்டாட்டியும் பஸ்ஸுக்குக் காத்திருப்பதுபோல் நின்றார்கள். செயலாளர் தான் எழுதிய தாளைத் தானே மூன்று முறை படித்தார், அவருக்குத் தேவையான வரி அதில் இல்லை. பின்னால் நின்றவர்கள் முனக ஆரம்பித்தார்கள். ஹாலைப் பகல் ஒரு மணிக்குக் காலி செய்ய வேண்டும். தன் வாழ்நாளில் பச்சை விளக்கில் இவ்வளவு நேரம் நின்றதில்லை என்றார் பஸ் டிரைவர். இருபதாவது நிமிடம் செயலாளர் இறங்கி வந்தார். இவர்கள் ஜோடி இந்தச் சுற்றின் கடைசிக்குப் போகட்டும், மற்றவர்கள் முதலில் ஓடட்டும் என்று அறிவித்தார்.

அடுத்த சீட்டில் வந்த ஜோடி பஸ் டிரைவரும் செயலாளரும். செயலாளர் இன்னும் எரிச்சல் தணியாமல்தான் கன்ட்ரோலரைப் பிடித்தார். பச்சை வருவதற்கு முன்பே அமுக்கிவிட்டார். சிவப்பு எரிந்தது.

முதலில் தோற்றவர் அவர், டிராக் இனி அவர் வீட்டுக்கு. அவர் குடியிருப்பது மூன்றாவது மாடி, லிப்ட் கிடையாது. தசமத்தின் மனைவி ஒரு பெருமூச்சு விட்டாள். இரண்டு காலையும் அங்கேயே நாற்காலிக்கு முன்னால் நீட்டிக்கொண்டாள். மூன்று வருடத்தில் அவள் முகம் இவ்வளவு சந்தோஷமாக இருந்து அவர் பார்த்ததில்லை.

இனிப் பயமில்லை, சும்மா உட்கார்ந்திருக்கலாம். சும்மா உட்காரத் தெரிந்தால் அவர் ஏன் தசமம்? மற்ற ஜோடிகள் ஓடி முடிக்கும்வரை அவர் ஒரு மூலையில் காரை மடியில் வைத்துக்கொண்டு டயரை டேப்பால் ஒற்றினார். டேப் சுத்தமாக வந்தது. இன்னொரு தடவை ஒற்றினார். அச்சுக்கு ஒரு சொட்டு எண்ணெய் வைத்தார். மனைவி இரண்டு முறை பார்த்து, விட்டுவிடுங்களேன் என்றாள். அவர் தலையை ஆட்டிக்கொண்டே ஒற்றினார்.

கடைசியாக அவர்கள் முறை வந்தது. இவ்வளவு தூரம் தன்னைக் காப்பாற்றியவளுக்கு விட்டுக்கொடுத்தால் என்ன என்று ஒரு கணம் நினைத்தார். முகத்தைப் பார்த்தே அவள் கண்டுபிடித்துவிட்டாள்.

“விட்டுக்கொடுத்தீங்கன்னா அந்த சோபால உங்களுக்கு இடம் கிடையாது.”

அவளுக்குப் பச்சை எரிந்தது. ஆமை வண்டி கிளம்பி, நேராக, ஒரே சீராக ஓடியது. அவருக்குப் பச்சை எரிந்த நொடியில் அவர் அமுக்கினார். கார் கோட்டிலிருந்து பறந்தது. பாதி வழியில் அவள் கார் முன்னால் இருந்தது, முக்கால் வழியில் பக்கத்தில் இருந்தது, கோட்டில் இவருடைய மூக்கு ஓர் அரிசி நீளம் முன்னால் போயிற்று. நான்கு வருடத்தில் முதல் முறையாக ஒரு காருக்கு முன்னால் கோட்டைத் தாண்டியிருக்கிறார். கன்ட்ரோலரைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையையும் தூக்கினார். பஸ் டிரைவர் ஓடி வந்து கட்டிப்பிடித்தார்.

செயலாளர் மட்டும் நேரக் கருவியைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். 1.398. சீட்டில் இருந்தது 1.41. எழுதிக் கொடுத்ததைவிட வேகம். விதித் தாளில் அந்த வரி தெளிவாகவே இருந்தது.

தூக்கிய கையை எப்போது இறக்குவது என்று தசமத்துக்குத் தெரியவில்லை. மெதுவாக இறக்கினார். விரலில் இன்னும் டேப் சுற்றியிருந்தது. மனைவி அதைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பை அடக்க அவள் பட்ட பாடு ஹாலுக்கே தெரிந்தது.

செயலாளர் பலகையில் அவர் பெயரை அடித்துவிட்டு, இரண்டாவது சுற்றில் அவர் மனைவியை எழுதினார். அவள் ஆமை வண்டியைக் கையில் எடுத்தாள். அவர் பழக்கத்தில் எண்ணெய்ப் புட்டியோடு பக்கத்தில் வந்து நின்றார்.

“என்னங்க,” என்றாள் மிகவும் அன்பாக, “நீங்க என் காரை மட்டும் தொடவே கூடாது.”

அவர் புட்டியை மூடினார். போட்டி முடியும்வரை இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.